சூளைக்குப் போகாத பானை

ரொம்ப நாளா மனசுக்குள்ள உருண்டுக்கிட்டிருந்த விஷயம். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்திங்கிறதால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இப்பவும் எழுதாம விட்டா அடுத்த பொங்கலே வந்துடும். கொஞ்சம் நீளமான பதிவு, காரமும் கொஞ்சம் தூக்கல். பக்கத்துல மோர் வச்சுக்கிட்டுப் படிங்க :-)

போன பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எங்க ஆபீஸ்ல கிராமியத் திருவிழா. வருஷா வருஷம் நடக்கிறதுதான். கார் நிறுத்துற இடத்துல ஓலைக்குடிசை போட்டு, தெர்மோகோல் மாடு நிறுத்தி, தென்னங்குருத்துத் தோரணம் கட்டி, எல்லாரும் வேட்டி. (பாதிப் பேருக்கு ஒட்டிக்கோ கட்டிக்கோ. நானும் அந்தப் பாதியில உண்டு, அதனால நோ கமெண்ட்ஸ்.) ஒரு பக்கம் கேழ்வரகுக் கூழ், கம்மங்கூழ், குழிப்பணியாரம். இன்னொரு பக்கம் கிளி ஜோசியம், ஒரு அம்மா உரல்ல எதையோ இடிச்சுக்கிட்டிருந்தாங்க. நடுவுல, எல்லாரும் போட்டோ எடுக்கிற இடத்துல, ஒரு பெரியவர் பானைச் சக்கரத்தோட உட்கார்ந்திருந்தார்.

கூட்டம்னா கூட்டம். ஒவ்வொருத்தரா போய் உட்கார வேண்டியது, அவர் நம்ம கையைப் பிடிச்சு மண்ணுல வைப்பார், ஒரு நிமிஷத்துல ஒரு கிண்ணம் மாதிரி எழும்பும், பக்கத்துல இருக்கிறவன் படம் எடுப்பான், அடுத்த ஆள். நானும் நின்னேன். என் முறை வந்ததும் "எந்த ஊருங்கய்யா?"ன்னு கேட்டேன். "விருத்தாசலம் பக்கம் தம்பி"ன்னார். நமக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு. நம்ம ஊரு! அப்புறம் எங்க வேலை பார்க்கிறது? அவர் பக்கத்துலயே உட்கார்ந்துட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் கலைஞ்சது. அன்னிக்கு வனைஞ்சது நூறு சொச்சம் இருக்கும். அவர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அமுக்கி, மறுபடி உருண்டையாக்கி, ஈரச் சாக்குல போட்டுக் கட்டினார்.

"என்னங்கய்யா, எடுத்துட்டுப் போய் சுட மாட்டீங்களா?"

"யாரு தம்பி வாங்கப் போறா? இங்க பானைக்குக் காசு இல்ல. சுத்துறதுக்குத்தான் காசு. இந்த மண்ணு இதோட நாலு விழா பாத்துடுச்சு. நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கு, அங்கயும் இதேதான்."

அவர் சாதாரணமாத்தான் சொன்னார். வருத்தமோ கோவமோ எதுவும் இல்ல. ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. நாலு விழா பார்த்த மண்ணு, ஒரு தடவைகூடச் சூளைக்குப் போகல. மக்களே, நாம கொண்டாடுற பாரம்பரியம் மொத்தமும் இந்தச் சாக்குக்குள்ளதான் இருக்கு. தண்ணி ஊத்தினா கரைஞ்சிடும்.

முதல்ல ஒரு விஷயம். நான் இந்த விழாக்களே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல. 2007-ல சென்னை சங்கமம் ஆரம்பிச்சப்ப நகரத்துப் பூங்காவுல பறையும் கரகமும் வந்து இறங்கினது நல்ல விஷயம்தான். 2023-ல அது 'நம்ம ஊரு திருவிழா'ன்னு திரும்ப வந்ததும் நல்லதுதான். என் சண்டை விழாவோட இல்ல. விழாவுல எதைக் கொண்டாடுறோம், எதை விட்டுடுறோம்ங்கிறதோடதான்.

டெமோ ஓகே, புரொடக்‌ஷன் எங்கே?

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்குப் புரியற பாஷையில சொல்றேன். சக்கரம் சுத்துறது டெமோ. அந்தப் பெரியவரோட தொழில்ல அது கால்வாசிகூடக் கிடையாது. எந்த ஏரி மண்ணு, எவ்வளவு ஆழத்து மண்ணு, அதுல எவ்வளவு மணல் சேர்க்கணும்ங்கிறதுல ஆரம்பிக்குது விஷயம். அடுப்புல வைக்கிற சட்டிக்கு மணல் கூட வேணும், இல்லன்னா சூடு தாங்காம விரிஞ்சிடும். தண்ணிப் பானை மேல ஈரம் கசிஞ்சு ஆவியாகணும், அப்பத்தான் உள்ள தண்ணி குளிரும். ஆக இந்த மண்ணுக்கு நுண்துளை வேணும், அந்த மண்ணுக்கு வெப்ப அதிர்ச்சியைத் தாங்குற சக்தி வேணும். நான் நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சு பொருளறிவியல்ல தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணினவன். அவர் விரலால தடவிப் பார்த்தே சொல்றார்.

சக்கரத்துல இருந்து எடுக்கிற பானைக்கு முழுசா அடிப்பாகமே இருக்காது தெரியுமா? நூலால அறுத்து எடுத்து, பாதி காய விட்டு, உள்ள ஒரு கல்லை அணைச்சுப் பிடிச்சு, வெளியே இருந்து மரப்பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடணும். கனத்தை மெலிசாக்குறதும் அந்தத் தட்டுதான். அடி பலமாப் பட்டா கிழியும், லேசாப் பட்டா கனம் குறையாது. அப்புறம் நிழல்ல காய வைக்கணும். அப்புறம் சூளை. வைக்கோல், வரட்டி, விறகு அடுக்கி மண் பூசி மூடணும். 700 - 900 டிகிரி வரைக்கும் போகிற விஷயத்தை தெர்மாமீட்டர் இல்லாம, புகையோட நிறத்தையும் நெருப்போட நிறத்தையும் பார்த்தே ஓட்டுறாங்க. 573 டிகிரியில மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் சட்டுனு விரியும். அந்த இடத்துல சூட்டை அவசரமா ஏத்தினாலோ இறக்கினாலோ பானை வெடிச்சிடும். அந்த நம்பர் அவருக்குத் தெரியாது. அந்த இடம் தெரியும்.

இதுல ஒண்ணாவது எங்க ஆபீஸ் மேடையில வந்துச்சா? வராது. ஏன்னா அதெல்லாம் போட்டோவுல நல்லா விழாது, ஒரு நாள்லயும் முடியாது. கையில மண்ணு ஒட்டுற அந்த ஒரு நிமிஷம் மட்டும் போதும் நமக்கு. அதுக்குப் பேரு திறமையைக் கொண்டாடுறது இல்ல சார், வேடிக்கை பார்க்கிறது.

நம்ம ஊர் திருவிழாவுக்கு பேனர் கிடையாது

எங்க ஊர்ல மாசி மகம்னு ஒண்ணு நடக்கும். பழமலைநாதர் கோயில்ல கொடியேறினதுல இருந்து ஊரே வேற மாதிரி ஆயிடும். மகத்தன்னிக்கு மணிமுத்தாற்றங்கரையில முன்னோருக்குத் திதி கொடுக்க சுத்துப்பட்டு ஜனம் பூரா வந்து இறங்கும். சின்ன வயசுல எனக்குச் சாமியைவிடக் கடைத்தெருதான் முக்கியம். முறம், சல்லடை, அரிவாள்மனை, தோசைக்கல், தாம்புக்கயிறு, மண்சட்டி, பீங்கான் ஜாடி. எங்க அம்மா ஒரு வருஷத்துக்கு வேண்டியதை அங்கதான் வாங்குவாங்க. பேரம் பேசுவாங்க, தட்டிப் பார்ப்பாங்க, 'போன வருஷம் வாங்கின முறம் ஆறு மாசத்துல அவுந்துடுச்சு'ன்னு சண்டை போடுவாங்க. முறம் முடையறவரை யாரும் கைதட்டிப் பாராட்டினதில்ல. முறத்தை வாங்கினாங்க.

இதான் வித்தியாசம். அந்தத் திருவிழா கைத்தொழிலைக் கொண்டாடல, கைத்தொழிலுக்குச் சந்தையா இருந்துச்சு. இப்ப நாம வாங்குறதை நிறுத்திட்டு, கொண்டாட ஆரம்பிச்சிருக்கோம். எப்ப ஒரு பொருள் நம்ம வீட்டை விட்டுப் போகுதோ, அன்னிக்கு அது மேடை ஏறுது. உரல் மேடை ஏறிடுச்சு, பானை ஏறிடுச்சு. அடுத்து எது?

சாப்பாட்டுக்கும் இதே கதைதான். ஆடி மாசம் எங்க பக்கம் மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துவாங்க. வீட்டுக்கு வீடு கேழ்வரகோ கம்போ வாங்கி, மொத்தமாக் காய்ச்சி, வர்றவங்களுக்கெல்லாம் சொம்பு சொம்பா ஊத்துவாங்க. தொட்டுக்க முருங்கைக்கீரை, மோர் மிளகாய், சில வீட்டுல கருவாட்டுக் குழம்பு. அதுக்கு 'பாரம்பரிய உணவுத் திருவிழா'ன்னு யாரும் பேரு வைக்கல. அந்த தானியம் சுத்துப்பட்டுல விளைஞ்சது, அங்கயே வித்துச்சு, அங்கயே வயித்துக்குள்ள போச்சு. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சப்புறம் நம்ம நகரத்து ஓட்டல் எல்லாம் கம்மங்கூழை மண்குவளையில ஊத்தி, மேல ஒரு கறிவேப்பிலை வச்சு விக்குது. விக்கட்டும். அந்தக் கம்பு யாரோடது, குவளை யாரு செஞ்சதுன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கோமா?

இன்னொண்ணு. 'பாரம்பரியம்'ங்கிற வார்த்தையை நாம ரொம்ப ஈஸியா வீசுறோம். எங்க பக்கத்து அடையாளம் என்ன? முந்திரி, நிலக்கடலை. விருத்தாசலத்துல இருக்கிற வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள்ல முந்திரியும் உண்டு, கடலையும் உண்டு. வி.ஆர்.ஐ. 3 முந்திரின்னா விவசாயம் பண்றவங்களுக்குத் தெரியும். ஆனா முந்திரி பிரேசில்ல இருந்து போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்தது. கடலையும் தென்னமெரிக்காதான். கூழுக்குக் கடிச்சுக்கிற மிளகாயும் அப்படித்தான். ஆக, 'ஆயிரம் வருஷப் பழசு'ங்கிறது அளவுகோல் இல்ல. இந்த மண்ணுல இந்த ஜனங்க உழைச்சு உருவாக்கினதுதான் நம்மளோடது. உழைப்பை எடுத்துட்டா அங்க பாரம்பரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

மேடை ஏறாத கைகள்

முந்திரின்னதும் ஞாபகம் வருது. எந்த உணவுத் திருவிழாவுலயாவது முந்திரி உடைக்கிறதைக் காட்டிப் பார்த்திருக்கீங்களா? பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் எத்தனையோ பெண்களுக்கு அதுதான் ஜீவனம். முந்திரிக்கொட்டை ஓட்டுக்குள்ள இருக்கிற எண்ணெய் தோலை அரிச்சிடும். அதுக்காகக் கையில சாம்பலோ எண்ணெயோ பூசிக்கிட்டு உடைப்பாங்க. அப்பவும் விரல் கறுத்து உரிஞ்சு போயிருக்கும். உடைக்கிறதுல இருக்கிற நுணுக்கம் சாதாரணமில்ல. பருப்பு முழுசா வரணும். டபிள்யூ 180, டபிள்யூ 320-ன்னு ஏற்றுமதியில தரம் பிரிக்கிறாங்களே, அது ஒரு பவுண்டுல எத்தனை முழுப்பருப்பு நிக்குதுங்கிற கணக்கு. ரெண்டா உடைஞ்சா விலை இறங்கிடும். அடி கொஞ்சம் அதிகமாப் போனா போச்சு. அவ்வளவு துல்லியமான கை.

அந்தக் கையை யாரும் மேடையில உட்கார வைக்க மாட்டாங்க. ஏன்னா அது பார்க்க அழகா இல்ல. மண்ணு ஒட்டின கை போட்டோவுல கவிதை மாதிரி இருக்கும். ஓட்டெண்ணெய் தின்ன கை அப்படி இருக்காது. நாம கொண்டாடுறது நாட்டுத் திறமையை இல்ல, நம்ம மனசாட்சியை உறுத்தாத நாட்டுத் திறமையை மட்டும்.

உரல்-உலக்கைக்கும் ஒரு வார்த்தை. எங்க ஆயா வரகு குத்தினவங்க. வரகுக்கு உமி ஒட்டிக்கிட்டே இருக்கும், சுலபத்துல விடாது. அரைநாள் குத்திப் புடைச்சாத்தான் ஒரு வேளைச் சோறு. ஊருக்குள்ள மெஷின் வந்தப்ப அவங்க அழல, 'அப்பாடா'ன்னாங்க. கடைசி வரைக்கும் தோள்வலி போகல. எனக்கு வரகுச் சோறு வேணும், உலக்கை வேணாம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாதவங்கதான் 'அந்தக் காலத்துல பொம்பளைங்க உலக்கை பிடிச்சதால ஆரோக்கியமா இருந்தாங்க'ன்னு எழுதுறாங்க. (நம்ம வலையுலகத்துலயும் சில பேர் எழுதியிருக்கீங்க. பேர் சொல்ல மாட்டேன், படிச்சுட்டு சிரிச்சுக்குங்க.)

'அழிய விடக்கூடாது' - யாரு அழிய விடக்கூடாது?

இப்ப அடிவாங்கப் போற இடத்துக்கு வர்றேன்.

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மைக் பிடிச்சு 'இந்தக் கலையை அழிய விடக்கூடாது'ன்னார். பலத்த கைதட்டல். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் சக்கரத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தார். அப்புறமாக் கேட்டேன், "உங்க பையன் இந்தத் தொழில்ல இருக்காரா?"

"வேணாம்னுட்டான். டெம்போ ஓட்டுறான். நல்லதுதான் தம்பி."

அந்த 'நல்லதுதான்' இருக்கே, அதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல. கைதட்டின ஒருத்தராவது தன் பிள்ளையைச் சக்கரத்துல உட்கார வைப்பாரா? மாட்டார். ஒரு மணி நேரம் 'ஆக்டிவிட்டி'க்கு உட்கார வைப்பார், அடுத்த மணி நேரம் கோடிங் கிளாஸ். அப்ப 'அழிய விடக்கூடாது'ங்கிறதுக்கு அர்த்தம் என்ன? 'நீ செய், உன் பையனும் செய்யணும், நாங்க வருஷத்துக்கு ஒரு நாள் வந்து பார்ப்போம்'ங்கிறதுதானே?

தமிழ்நாடு இந்தச் சண்டையை ஏற்கனவே ஒரு தடவை போட்டாச்சு. 1953-ல ராஜாஜி கொண்டு வந்த திட்டத்துல பிள்ளைங்களுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுல அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம்னு பேரு வச்சு பெரியாரும் திமுகவும் எதிர்த்தாங்க, 1954-ல காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் அது போச்சு. போகலைன்னா அந்தப் பெரியவரோட பையன் டெம்போகூட ஓட்டியிருக்க மாட்டான். எழுபது வருஷம் கழிச்சு, 2023 செப்டம்பர்ல மத்திய அரசு 18 தொழிலுக்கு விஸ்வகர்மா திட்டம் ஆரம்பிச்சப்ப அதே பேச்சு மறுபடி வந்துச்சு. 18 வயசுலயே சேரலாம், குடும்பத் தொழிலா இருக்கணும்ங்கிற அம்சத்தைத் தமிழக அரசு ஏத்துக்கல. பதிலுக்கு 2025-ல கலைஞர் கைவினைத் திட்டம் வந்துச்சு. 25 தொழில், 35 வயசுக்கு மேல, எந்தக் குடும்பத்துல பிறந்தவங்களா இருந்தாலும் சரி. யாருக்கு எந்தக் கட்சி பிடிக்கும்ங்கிறது வேற விஷயம். கேள்வி ஒண்ணுதான்: தொழில் பிறப்பால வருதா, விருப்பத்தால வருதா? இதுக்குப் பதில் சொல்லாம பாரம்பரியத்தைக் கொண்டாடுறவங்ககிட்ட எனக்கு ஒரு பயம் உண்டு.

பீங்கான் ஊர் சொல்லிக் கொடுத்த பாடம்

'அப்ப பானைத்தொழில் செத்துப் போகட்டும்ங்கிறியா?'ன்னு கேப்பீங்க. இல்லீங்க. எங்க ஊரையே பாருங்க.

விருத்தாசலத்துல மண்ணு ஒரு சாதியோட தொழிலா மட்டும் நிக்கல. பக்கத்துல நெய்வேலியில பழுப்பு நிலக்கரி தோண்டினப்ப கூடவே வெள்ளைக் களிமண்ணும் வந்துச்சு. இங்க பீங்கான் தொழிற்பேட்டை வந்துச்சு, அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் வந்துச்சு. யாரு வேணும்னாலும் மார்க் எடுத்து உள்ள போய், களிமண்ணோட வேதியியல், சூளை, மெருகுப் பூச்சுன்னு படிச்சு டிப்ளமோ வாங்கலாம். பிளாஸ்டர் அச்சுல கூழ்மண்ணை ஊத்தி வார்க்கிறது, 1200 டிகிரிக்கு மேல சுடுறதுன்னு வேற உலகம். கொலு பொம்மை, அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, கரண்டு ஃபியூஸ் கேரியர் எல்லாம் இங்க இருந்து போச்சு. உங்க தாத்தா வீட்டு மீட்டர் பலகையில இருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ், ஒருவேளை எங்க ஊரு மண்ணாக்கூட இருக்கலாம்.

பானையைக் குலத்துல இருந்து எடுத்துக் கல்லூரியில வச்ச ஊர் இது. கிராமத்துக் கைத்திறனைக் காப்பாத்தணும்னா இதான் வழின்னு நான் நெனைக்கிறேன். திறமையை யாரு வேணும்னாலும் கத்துக்கிற மாதிரி ஆக்கணும், கத்துக்கிட்டவனுக்குச் சோறு கிடைக்கிற மாதிரி ஆக்கணும்.

சரி, சோறு கிடைக்குதா? அங்கதான் இடிக்குது. வீட்டுக்கு வீடு எம்.சி.பி. வந்ததும் பீங்கான் ஃபியூஸுக்கு மவுசு போச்சு. ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிடுச்சு. காபிக் கோப்பை உத்தரப்பிரதேசத்துக் குர்ஜாவுல இருந்து வருது, டைல்ஸ் குஜராத்து மோர்பியில இருந்து வருது. அவங்க தப்பு ஒண்ணும் இல்ல. எங்க ஊருக்குப் புது டிசைன் வேணும், சூளைச் செலவு குறையணும், முக்கியமா ஆர்டர் வேணும். கைதட்டல் வேணாம். இன்னொரு உண்மையும் சொல்லிடணும், இல்லன்னா நான் நேர்மையா எழுதினதா ஆகாது. அச்சுல வர்ற பீங்கான் அகல், சக்கரத்துல வனையற மண் அகலுக்குப் போட்டிதான். கார்த்திகை மாசம் ரெண்டும் ஒரே தெருவுல விக்குது. இதுக்கு சுலபமான பதில் எங்கிட்ட இல்ல. ஆனா மெழுகு விளக்கும் சீரியல் லைட்டும் வாங்கிக்கிட்டு ரெண்டு பேரையும் பட்டினி போட்டுட்டு, பொங்கலுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டு மேடையில உட்கார வைக்கிறது பதில் இல்லன்னு மட்டும் தெரியும்.

செய்யத் தெரிஞ்சவங்களும் இருக்காங்க

கிராமத்து விழான்னா எப்படி இருக்கணும்னு காட்டின ஒருத்தர் நம்மகிட்டயே இருந்தார். நெல் ஜெயராமன். நம்மாழ்வார் வழியில வந்தவர். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல அவர் நடத்தின நெல் திருவிழாவுல காட்டுயானத்தையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காட்டிட்டு அனுப்பிடல. வர்ற விவசாயி கையில 2 கிலோ விதைநெல். அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பித் தரணும். அவ்வளவுதான் விதி. 2018 டிசம்பர்ல அவர் போய்ச் சேர்ந்தப்ப 174 பாரம்பரிய ரகங்களை மீட்டிருந்தார். விழா முடிஞ்ச மறுநாள் வயல்ல வேலை ஆரம்பிக்குது பாருங்க, அதான் விழா. எங்க ஆபீஸ்ல விழா முடிஞ்ச மறுநாள் தெர்மோகோல் மாடு குப்பைக்குப் போச்சு.

இன்னொரு உதாரணம், சும்மா கணக்குக்கு. மண்பாண்டத் தொழிலாளர்கள் பல வருஷமா ஒரு கோரிக்கை வைக்கிறாங்க: பொங்கல் பரிசுத் தொகுப்போட ஒரு மண்பானையும் அடுப்பும் சேர்த்துக் கொடுங்கன்னு. அரிசி அட்டைங்க 2 கோடிக்கு மேல இருக்கு. ஒருத்தர் ஒரு நாளைக்கு 40 பானை, வருஷத்துல 200 நாள்னு வச்சுக்குவோம். 8,000 பானை. 2 கோடியை 8,000-ஆல வகுங்க. 2,500 பேருக்கு வருஷம் பூரா வேலை, பானைக்கு மட்டும். சட்டி, அடுப்பு, மண்ணு வெட்டுறது, வண்டி ஓட்டுறது எல்லாம் தனி. ஏரியில களிமண் எடுக்கத் தாசில்தார் மட்டத்துலயே அனுமதி தரலாம்னு 2024-ல விதியைத் தளர்த்தினாங்க, நல்ல விஷயம். மண்ணு கிடைச்சாச்சு. இனி வாங்குறதுக்கு ஆளு வேணும்.

நானும் சும்மா இல்ல. எங்க விழாக் கமிட்டிக்கு மெயில் போட்டேன். அடுத்த வருஷம் எல்லாருக்கும் தர்ற பரிசுப் பொருளை விருத்தாசலத்துல வாங்கலாம், வனைஞ்சதையெல்லாம் சுட்டுக் கொடுக்கச் சொல்லி அதுக்குத் தனியாக் காசு கொடுக்கலாம், முந்நூறு பேருக்கு இவ்வளவு ஆகும்னு கணக்கோட. பதில் வந்துச்சு: நல்ல யோசனை, ஆனா பட்ஜெட் இல்ல, உடையக்கூடிய பொருள் வேற. அந்த வருஷ செல்ஃபி மேடைக்கு ஆன செலவு எனக்குத் தெரியும். சொன்னா சீட்டு கிழிஞ்சிடும், விட்டுடுங்க.

இதெல்லாம் பேசுற எனக்கும் யோக்கியதை இருக்கான்னு பார்த்தேன். என் மேசையில இருக்கிற காபிக் கோப்பையைத் திருப்பிப் பார்த்தா சீனா. பொறந்து வளர்ந்தது பீங்கான் ஊரு, வாய் வைக்கிறது சீனாக் கோப்பை. அவ்வ்வ்வ். இப்ப மாத்தியாச்சு. கொஞ்சம் கனம் ஜாஸ்தி, ஒரு பக்கம் மெருகு லேசா ஓடியிருக்கு. ஆனா சூடு நல்லா நிக்குது.

அதனால இனிமே ஒரு கிராமியத் திருவிழா, உணவுத் திருவிழான்னு போனா நாலு கேள்வி கேளுங்க. செஞ்சு காட்டினவங்களோட பொருள் அங்க விக்குதா? சமைச்சவங்க, வனைஞ்சவங்க கையில எவ்வளவு போச்சு, நடுவுல இருக்கிற காண்டிராக்டர் கையில எவ்வளவு போச்சு? விழா முடிஞ்சப்புறம் அவங்களுக்கு ஒரு ஆர்டராவது வந்துச்சா? அந்தத் தொழிலை, பிறந்துட்டோமேங்கிறதுக்காக இல்லாம, ஆசைப்பட்டுக் கத்துக்க ஒரு வழி இருக்கா? நாலுக்கும் 'இல்ல'ன்னா, அங்க நடக்கிறது கருமாதி. பந்தி மட்டும் நல்லா இருக்கும்.

எங்க கோயிலுக்கு ஒரு கதை உண்டு. விபசித்து முனிவர் திருப்பணி செஞ்சப்ப வேலையாட்களுக்குக் கூலியா வன்னிமரத்து இலையைக் கொடுத்தாராம். அவங்கவங்க உழைப்புக்கு ஏத்த மாதிரி அது பொன்னா மாறுமாம். நாமளும் இலைதான் கொடுக்கிறோம், கைதட்டல்ங்கிற இலை. அது இலையாவே இருக்கு.

இன்னொரு கதை எல்லாருக்கும் தெரியும். சுந்தரர் எங்க மணிமுத்தாற்றுல பொன்னைப் போட்டுட்டுத் திருவாரூர் குளத்துல போய்த் தேடினார். 'ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுற' பழமொழிக்கு அதைத்தான் காரணமாச் சொல்வாங்க. அவருக்காவது கிடைச்சது, கூட ஆள் இருந்தார். நாம ஊர்ல போட்டுட்டு வந்ததை ஆபீஸ் பார்க்கிங்ல தேடிக்கிட்டிருக்கோம்.

வர்ற மாசி மகத்துக்கு ஊருக்குப் போறேன். அந்தப் பெரியவரோட போன் நம்பர் இருக்கு. அஞ்சு தண்ணிப் பானை, ரெண்டு மீன்சட்டி சொல்லியிருக்கேன், முன்பணமும் கொடுத்தாச்சு. "சுட்டுத்தானே தரணும்?"னு கேட்டுட்டு சிரிச்சார். யாருக்காவது வேணும்னா சொல்லுங்க மக்களே, சேர்த்து எடுத்துட்டு வர்றேன். பஸ்ல உடைஞ்சா என் பொறுப்பு.

டிஸ்கி: பேரம் பேசாம வாங்குறவங்களுக்கு முன்னுரிமை :-)